குரலும் கிட்டாரும் மட்டும்: வீட்டிலேயே ஒரு கவர் ஆல்பம் செய்ய முழுமையான வழிகாட்டி

கவர் பாட்டு, அதாவது ஏற்கெனவே வந்த பாட்டை இன்னொருவர் மறுபடி பாடுவது, என்றாலே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, கரோக்கி டிராக்கைப் போட்டு, அசல் பாடகர் மூச்சு விட்ட இடத்திலேயே மூச்சு விட்டு, மேலே எக்கோவை அள்ளி ஊற்றிய வீடியோதான். இந்த வழிகாட்டி வேறு வகைக்கு. ஒரே ஒருவர், ஒரு கிட்டார், எட்டுப் பாட்டு. ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்போன் மாட்டிப் படுத்திருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒன்றை முடிக்க எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அதில் நான்கு மாதம் நானே செய்த முட்டாள்தனங்களுக்குப் போனது. அந்த நான்கு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தலாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்டூடியோ இல்லையே என்று யாராவது ஆரம்பித்தால் நான் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷைக் காட்டுவேன். பெரிய கம்பெனிகள் அவரைக் கைவிட்ட பிறகு 1994-இல் வந்த 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' ஆல்பத்தின் பெரும்பகுதி, தயாரிப்பாளர் ரிக் ரூபினின் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டு ஹாலிலும் டென்னசியில் கேஷின் சொந்த மரவீட்டிலும் பதிவானது. தன் பாட்டும் பிறர் பாட்டும் கலந்து, ஒரு குரல், ஒரு கிட்டார். அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, குரலில் கரகரப்பு ஏறியிருந்தது. அதை யாரும் பாலிஷ் போட்டு மறைக்கவில்லை.

படி 1: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

பிடித்த பாட்டு முப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் கிட்டாரைத் தொடாமல், சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றையும் வெறும் வாயால் முழுசாகப் பாடிப் பாருங்கள். முழுசாக என்றால் இரண்டாம் சரணமும் சேர்த்து. பாதிப் பாட்டுகள் இங்கேயே கழன்றுவிடும். காரணம் எளிது: நம் சினிமாப் பாட்டில் நாம் மயங்குவது பல நேரம் மெட்டில் இல்லை, இடையிசையில்தான். அந்த வயலின் கூட்டம், அந்த பேஸ் கிட்டார் நடை, சரணத்துக்கு முன் வரும் புல்லாங்குழல், இதையெல்லாம் எடுத்துவிட்டால் சில பாட்டுகள் எலும்பும் தோலுமாக நிற்கும். வெறும் வாயில் பாடும்போதும் நிற்கிற பாட்டுதான் உங்களுக்கு வேண்டும்.

அடுத்து வரிகள். மெட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக, நீங்கள் நிஜ வாழ்க்கையில் எவரிடமும் சொல்லவே மாட்டாத வரியைப் பாட ஒத்துக்கொள்ளாதீர்கள். இருபது வாத்தியம் சேர்ந்து ஒலிக்கும்போது வரி ஒளிந்துகொள்ளும். ஒரு கிட்டாரோடு பாடும்போது ஒவ்வொரு சொல்லும் வெளியே தெரியும், நீங்கள் அதை நம்பவில்லை என்பதும் தெரியும்.

இன்னொன்று, ஆல்பத்துக்கு ஒரு சரடு வேண்டும். "என் மனதுக்குப் பிடித்த பாட்டுகள்" என்பது சரடு இல்லை, அது பிளேலிஸ்ட். மழைப் பாட்டு, கடிதப் பாட்டு, ஒரே பத்தாண்டின் பாட்டு, ஒரே ராகத்தில் அமைந்த பாட்டு என்று எதுவானாலும் சரி. நான் எடுத்துக்கொண்டது டூயட். எட்டுமே இருவர் பாடியவை, நான் தனியாகப் பாடுகிறேன், எதிர்க்குரல் வரவேண்டிய இடத்தில் யாரும் இல்லை. இந்த ஒரு முடிவு எடுத்த பிறகு மற்ற முடிவுகள் பாதி தானாகவே நடந்தன. எந்தப் பாட்டு வேண்டும், கிட்டார் எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும், எல்லாம்.

படி 2: உரிமை (ரெக்கார்டிங்குக்கு முன்னால், பின்னால் இல்லை)

இதைத்தான் எல்லாரும் கடைசியில் வைப்பார்கள். நானும் வைத்தேன். மூன்று பாட்டை முழுசாகப் பதிவு செய்து முடித்துவிட்டு உரிமை வைத்திருந்த கம்பெனிக்கு எழுதினால், மூன்று மாதம் பதில் இல்லை, அப்புறம் ஒரு பாட்டுக்கு மட்டும் அவர்கள் சொன்ன தொகை என் முழு ஆல்பச் செலவைவிடப் பெரியது. அந்தப் பாட்டு இன்னும் என் ஹார்ட் டிஸ்க்கில்தான் தூங்குகிறது.

அடிப்படையைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு பாட்டில் மூன்று தனித்தனி உரிமை இருக்கிறது: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. நீங்களே வாசித்துப் பாடும்போது மூன்றாவதைத் தொடவில்லை. கரோக்கி டிராக்கைப் பயன்படுத்தினால் அதற்கும் ஓர் உரிமையாளர் வந்துவிடுவார், எனவே அந்தப் பக்கமே போகாதீர்கள். முதல் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். சினிமாப் பாட்டென்றால் பெரும்பாலும் ஆடியோ கம்பெனியிடம் இருக்கும், ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குள் பல வழக்குகள் ஒளிந்திருக்கின்றன. 2017-இல் மேடையில் தன் பாட்டுகளை அனுமதி இல்லாமல் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். அவருக்கே அப்படி என்றால் நாமெல்லாம் யார்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 31சி என்ற பிரிவு கவர் பதிவுகளுக்கென்றே இருக்கிறது. முதல் பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டு ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அட்டை மாதிரியைக் காட்ட வேண்டும், ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும், அதுவும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு. அட்டையில் பழைய பாடகர் பெயரோ படத்தின் பெயரோ இருக்கக் கூடாது, கவர் பதிவு என்று போட்டிருக்க வேண்டும், பாட்டை மாற்றக் கூடாது. இதைப் படித்தாலே தெரியும், இது கேசட், சிடி காலத்து வியாபாரிகளை மனதில் வைத்து எழுதியது. வீட்டில் உட்கார்ந்து எட்டுப் பாட்டுப் பாடுகிறவருக்கு நடைமுறையில் உள்ள வழி, கம்பெனியின் லைசென்சிங் பிரிவுக்கு நேராக எழுதுவதுதான். பாட்டின் பெயர், படம், ஆண்டு, எங்கே வெளியிடப் போகிறீர்கள், வீடியோ உண்டா, வரிகளில் மாற்றம் உண்டா, எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் "பண்ணிக்கோங்க சார்" என்று ஒருவர் சொன்னது அனுமதி ஆகாது.

அமெரிக்காவில், ஒருமுறை வெளியான பாட்டுக்கு உரிமையாளர் மறுக்க முடியாத கட்டாய உரிமம் ஒன்று உண்டு. டிஸ்ட்ரோகிட் போன்ற விநியோகஸ்தர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அதை ஏற்பாடு செய்கிறார்கள். அந்த டிக் பெட்டியைப் பார்த்துவிட்டு உலகம் பூராவும் லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இந்தியாவுக்கு அது செல்லாது, வீடியோவுக்கும் போதாது. யூடியூபில் உரிமையாளர் கிளெய்ம் போட்டு வருமானத்தை எடுத்துக்கொண்டு வீடியோவை விட்டுவைப்பது சகஜம். அதுவும் அவர் இப்போதைக்குச் சும்மா இருக்கிறார் என்பதுதான், அனுமதி இல்லை.

கையில் காசில்லை என்றால் உரிமைக் காலம் முடிந்த பாட்டுகளைப் பாருங்கள். இந்தியாவில் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை. அருணகிரிநாதர், கோபாலகிருஷ்ண பாரதியார், தியாகராஜர் எல்லாம் தாராளம். பாரதியார் வரிகளும் அப்படியே, ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: பாரதி வரி இலவசம், படத்தில் அதற்குப் போட்ட மெட்டு இலவசம் இல்லை. மெட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது மிகப் பழையதாக இருக்க வேண்டும். கர்நாடகக் கீர்த்தனை என்றாலே பொதுச் சொத்து என்று நினைப்பதும் தப்பு. பாபநாசம் சிவன் காலமானது 1973-இல், கணக்குப் போட்டால் 2033 முடியும்வரை உரிமை உண்டு. கண்ணதாசன் 1981. அப்போ 2041 வரை.

படி 3: சுருதி

மேடையில் பாடும் சுருதியில் இந்த ஆல்பத்தைப் பாடாதீர்கள். மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், அதனால் குரலைத் தள்ளுகிறோம். இங்கே கேட்பவர் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறார். நான் வழக்கமாக ஐந்தரைக் கட்டை. ஆல்பத்தில் பெரும்பாலும் ஐந்து, இரண்டு பாட்டு நாலரை. ஒரு எளிய சோதனை உண்டு. பாட்டின் மிக உயர்ந்த இடத்தைப் பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்ற நினைப்போடு பாடுங்கள். பாட முடிந்தால் சரி, முடியாவிட்டால் அரைக் கட்டை இறக்குங்கள். ஆனால் இறக்கிக்கொண்டே போனால் பல்லவியின் கீழ் ஸ்வரங்கள் வெறும் காற்றாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும், பெரும்பாலும் அது நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கீழேதான் இருக்கும்.

கிட்டாருக்குக் கட்டையை மாற்றத் தெரியாமல் திணறுபவர்களுக்கு: ஒரு கட்டை என்பது சி, ஐந்து ஜி, ஆறு ஏ. ஐந்தரை ஜி ஷார்ப், கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) முதல் ஃப்ரெட்டில் மாட்டி ஜி வடிவ கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வாசித்தால் வேலை முடிந்தது.

படி 4: பாட்டைக் குறைப்பது

இதில்தான் நேரத்தைச் செலவழியுங்கள், காசை அல்ல. அசல் பாட்டில் இருந்த அத்தனையையும் ஒரு கிட்டாரில் அடக்கப் பார்ப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. முன்னிசையை வாசிக்கிறோம், இடையிசையின் வயலினை மேல் கம்பியில் இழுக்கிறோம், தபலா நடையைக் கையால் கிட்டார் உடம்பில் தட்டுகிறோம். கேட்பவர் "அட, எல்லாத்தையும் வாசிச்சுட்டாங்களே" என்பார். பாட்டைக் கேட்க மாட்டார்.

கேட் பவர் என்ற பெயரில் பாடும் அமெரிக்கப் பாடகி, 2000-இல் வெளியிட்ட கவர் ஆல்பத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிகப் பிரபலமான ஒரு பாட்டைப் பாடினார், எல்லாருக்கும் மனப்பாடமான அந்தக் கோரஸை மட்டும் விட்டுவிட்டு. வரும் வரும் என்று காத்திருந்து வராமலே போகிற அந்த இடம்தான் அந்தக் கவர். எல்லாப் பாட்டுக்கும் இது சரிப்படாது, நம் ஊர் உரிமையாளர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கதை. ஆனால் கேட்பவரின் தலைக்குள் அசல் பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் வாசிக்காததையும் அவர் கேட்டுக்கொள்வார் என்பது நினைவில் இருக்கட்டும்.

என் ஆல்பத்தின் முதல் பாட்டில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அசலில் நீளமான முன்னிசை, வயலின்களும் ஒரு ஷெனாயும். முதலில் அதைக் கிட்டாரில் வாசித்தேன், சலிப்பாக இருந்தது. பாதியாக வெட்டினேன், அப்போதும் சலிப்பு. கடைசியில் முன்னிசையே இல்லை. பல்லவியின் முதல் வரி வெறும் குரல், சுருதிகூட இல்லை. இரண்டாம் வரியில் கட்டைவிரல் மட்டும் ஐந்தாம் கம்பியைத் தொடுகிறது, நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தட்டல். மற்ற விரல்கள் வருவது முதல் சரணத்தில்தான். ஆண் குரல் பதில் சொல்ல வேண்டிய வரியில் நான் பாடவில்லை. கார்டு மட்டும் ஒருமுறை விழுந்து, அது அடங்கும்வரை சும்மா இருக்கிறேன். முதலில் கேட்ட என் சித்தி, "இந்த இடத்துல கரண்ட் போயிடுச்சா?" என்றார். இரண்டாம் முறை கேட்டுவிட்டு எதுவும் சொல்லவில்லை.

கமகத்துக்கும் கார்டுக்கும் வரும் சண்டை இன்னொரு விஷயம், இதை மேற்கத்திய பாடங்கள் எதுவும் உங்களுக்குச் சொல்லித்தராது. குரல் காந்தாரத்தை அசைத்துப் பாடிக்கொண்டிருக்கும்போது கிட்டார் அதே காந்தாரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டும் உரசும், ஏதோ சுருதி சேரவில்லை போலத் தோன்றும், நீங்கள் உங்கள் குரலைச் சந்தேகப்படுவீர்கள். அந்த இடங்களில் கார்டிலிருந்து மூன்றாம் ஸ்வரத்தை எடுத்துவிட்டு ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலிக்கட்டும். தம்புரா செய்வதும் அதைத்தானே. நேராக நிற்கும் ஸ்வரங்களில் முழு கார்டு வரலாம். இந்த ஒரு மாற்றத்தால் என் இரண்டு பாட்டுகள் பிழைத்தன.

ஸ்டிரம்மிங்கா (எல்லாக் கம்பியையும் சேர்த்து அடிப்பது) பிளக்கிங்கா (கம்பி கம்பியாக மீட்டுவது) என்று கேட்டால், எட்டுப் பாட்டில் இரண்டுக்கு மேல் ஸ்டிரம்மிங் வேண்டாம் என்பேன். அப்படி அடித்தாலும் பிக் இல்லாமல், விரலின் சதையால்.

படி 5: அறை

நம் வீடுகள் இதற்கென்று கட்டப்பட்டவை இல்லை. டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கண்ணாடி ஷோகேஸ். அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். "டங்" என்று திரும்பி வந்தால் அந்த அறை வேண்டாம். துணி நிறைந்த பீரோ, மெத்தை, தலையணைகள் உள்ள படுக்கையறைதான் வீட்டிலேயே நல்ல ஸ்டூடியோ. தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள்.

கம்பளியை எங்கே தொங்கவிடுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் அரண் மாதிரிக் கட்டுவார்கள். நாம் பயன்படுத்தும் கார்டியாய்ட் வகை மைக் தனக்கு எதிரில் இருப்பதைத்தான் அதிகம் கேட்கிறது, அதாவது உங்களையும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும். எனவே கம்பளி உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்க வேண்டும். கொடிக் கயிறு கட்டி இரண்டு கனத்த கம்பளியைப் போட்டாலே வித்தியாசம் தெரியும். முட்டை அட்டை ஒட்டுவது பற்றி யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம் சத்தங்கள். ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஆஃப். ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்து மாவு பொங்கி வழிந்த வீடு இது, ஆகவே வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். மறுநாள் வண்டி எடுக்கப் போகும்போது நினைவு வந்தே தீரும். இன்வெர்ட்டரை மறக்காதீர்கள். நான் மறந்தேன். மூன்று பாட்டின் கிட்டார் டிராக்கில் மெல்லிய "ம்ம்ம்" ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும். ஹெட்போனில் நன்றாகக் கேட்ட அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். மென்பொருளால் அதைக் குறைக்கலாம், ஆனால் கிட்டாரின் அடிக்குரலும் கொஞ்சம் கூடவே போகும். கடைசியில் மூன்றையும் மறுபடி வாசித்தேன். அதனால் டேக் (பாட்டை ஒருமுறை பாடிப் பதிவு செய்வது) எடுக்கும் முன் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்து, ஒலியை நன்றாக ஏற்றிக் கேட்டுப் பாருங்கள்.

நேரம்? காலையில் காக்கா, குக்கர் விசில், காய்கறி வண்டி ஸ்பீக்கர். மதியம் இரண்டு மணி தெரு அமைதியாக இருக்கும், ஆனால் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, விரல் வியர்த்துக் கம்பி வழுக்கும். ராத்திரி பதினொன்றிலிருந்து இரண்டு வரை எனக்குச் சரிப்பட்டது, நாயும் பல்லியும் மட்டும்தான். ஆடி மாதமும் மார்கழி விடியற்காலையும் கோயில் ஸ்பீக்கருக்கு எழுதி வைத்தவை, அந்தத் தேதிகளில் மிக்ஸிங் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மைக்

ஒரு நல்ல கண்டென்சர் மைக், இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை மூடும் ஹெட்போன். போதும். கண்டென்சருக்கு 48 வோல்ட் வேண்டும், இன்டர்ஃபேஸில் அதற்கான பட்டன் இருக்கும். மென்பொருளுக்கு ரீப்பரோ கராஜ்பேண்டோ ஆடாசிட்டியோ, எது கை பழகியதோ அது.

குரலுக்கு: கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தால் வரும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரம். கார்டியாய்ட் மைக்கை நெருங்க நெருங்கக் குரலின் கனம் கூடும், வானொலி அறிவிப்பாளர் குரல் மாதிரி. இந்த ஆல்பத்துக்கு அது கொஞ்சம் வேண்டும், அதிகமானால் வார்த்தை மூழ்கிவிடும். பாடும்போது முன்னும் பின்னும் ஆடினால் அந்தக் கனம் வரிக்கு வரி மாறும், அதை அப்புறம் சரிசெய்வது கொடுமை. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று மேலேயோ பக்கவாட்டிலோ வைத்தால் "ப"வும் "ச"வும் மைக்கைக் குத்தாது. பாப் ஃபில்டர் இல்லையென்றால் எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டுங்கள், நன்றாகவே வேலை செய்கிறது.

கிட்டாருக்கு: ஓட்டைக்கு நேராக வேண்டவே வேண்டாம், அங்கே வருவது வெறும் "பூம்" சத்தம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டைப் பார்த்தபடி ஓர் அடி தூரத்தில் வைத்து, கையளவு நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள். இரண்டு அங்குலம் நகர்த்தினால் வரும் மாற்றம், மிக்ஸிங்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் வராது. கம்பியை ரெக்கார்டிங் அன்றைக்கு மாற்றாதீர்கள், புதுக் கம்பி கீச்சிடும், சுருதி நிற்காது. இரண்டு மூன்று நாள் முன்பே மாற்றி வாசித்துப் பழக்குங்கள். கடலோர ஊர்க்காரர்கள் வாசித்து முடித்ததும் துடைத்து வையுங்கள், உப்புக் காற்றுக்குக் கம்பி சீக்கிரம் கறுத்துப் போகும்.

குரலையும் கிட்டாரையும் சேர்த்துப் பதிவு செய்வதா, தனித்தனியா? தனித்தனியாகச் செய்தால் தவறைத் திருத்துவது சுலபம். ஆனாலும் நான் சேர்த்துத்தான் என்று அடித்துச் சொல்வேன். தனியாக வாசித்த கிட்டார் உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரு சொல்லை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று பாடும்போது தோன்றினால், கையும் கூட நின்றால்தான் அது நடக்கும். பக்கவாட்டில் காது கேட்காத ஃபிகர் எட்டு வகை மைக் இரண்டு கிடைத்தால், குரல் மைக்கின் செவிட்டுப் பக்கம் கிட்டாருக்கும், கிட்டார் மைக்கின் செவிட்டுப் பக்கம் வாய்க்கும் வருமாறு திருப்பி வையுங்கள், ஒன்றில் மற்றது கலப்பது வெகுவாகக் குறையும். ஒரே மைக்தான் இருக்கிறது என்றால் மார்பு உயரத்தில் ஒன்றரை அடி தள்ளி வைத்து, குரல் கூடினால் கீழே, கிட்டார் கூடினால் மேலே நகர்த்திச் சமன்செய்யுங்கள்.

படி 7: டேக்

24 பிட்டில் பதிவு செய்யுங்கள். மிகச் சத்தமான இடமே மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கிளிக் டிராக் (பாடும்போது காதில் ஓடும் தாள டிக் சத்தம்) வேண்டாம் என்பது என் கட்சி. பின்னால் வேறு வாத்தியம் சேர்க்கப் போவதில்லை என்றால் காலப்பிரமாணம் சற்று மூச்சு விடட்டும். ஆனால் ஆரம்பத்தில் ஓடி முடிவில் படுத்துவிடக் கூடாது, எனவே டேக்குக்கு முன் அரை நிமிடம் மெட்ரோனோம் கேட்டுவிட்டு அணைத்துவிடுங்கள்.

ஒரு பாட்டுக்கு ஒரு நாளில் ஐந்து டேக்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் முதலிலிருந்து கடைசிவரை, நடுவில் தப்பினாலும் நிறுத்தாமல். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் சுருதி சேருங்கள், ஃபேன் நின்ற அறையில் சூடு ஏற ஏறக் கம்பி இறங்கும். ஒரு பாட்டை நான் நான்கு இரவாகப் பத்தொன்பது முறை பாடினேன். ஆல்பத்தில் இருப்பது இரண்டாவது. அதற்குப் பிந்தைய பதினேழும் அந்த இரண்டாவதைப் போலப் பாட முயன்றவை. அதுதான் அவற்றின் கோளாறு.

யாரிடம் பாடுகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். "ரசிகர்களுக்கு" என்றால் குரல் தானாக உயரும். நிஜமான ஒரு ஆளை நினைத்து, அவர் கட்டிலின் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாடினால் நீங்களே இறங்கி வருவீர்கள்.

படி 8: எடிட்டும் மிக்ஸும்

பதிவு முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். முழுசாக நன்றாக இருக்கும் ஒரு டேக்கை எடுத்துக்கொண்டு, கெட்டுப்போன வரியை மட்டும் வேறு டேக்கிலிருந்து ஒட்டுங்கள். சொல் சொல்லாக வெட்டி ஒட்டினால் குரலில் உயிர் போய்விடும். மூச்சுச் சத்தத்தை அழிக்காதீர்கள். துருத்திக்கொண்டு நின்றால் ஆறு டெசிபல் குறையுங்கள், அவ்வளவே. விரல் கம்பியில் வழுக்கும் சத்தமும் அப்படித்தான்.

சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூனைத் தானியங்கி முறையில் ஓட விடாதீர்கள். அதற்குக் கமகம் என்றால் தப்பான சுருதி. அசைவையெல்லாம் இஸ்திரி போட்டுவிடும். ஒரு ஸ்வரம் நிஜமாகவே விலகியிருந்தால் அதை மட்டும் கையால் திருத்துங்கள்.

குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அறையின் மந்தம் 200 முதல் 400 வரைக்குள் எங்கேயாவது இருக்கும், இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். சத்த ஏற்றத்தாழ்வை அடக்கும் கம்ப்ரஸர் இரண்டுக்கு ஒன்று, மெதுவாக. ரிவெர்ப் (அறையின் எதிரொலி போன்ற ஒலி) விஷயத்தில்தான் கை நடுங்கும்: கேட்கும்வரை ஏற்றுங்கள், கேட்டதும் கொஞ்சம் இறக்குங்கள். அணைத்தால் ஏதோ குறைகிறது, போட்டால் இருப்பதே தெரியவில்லை, அந்த அளவுதான் சரி. பெரிய ஹால் ரிவெர்ப் போட்ட அந்த நொடியே நீங்கள் கட்டில் ஓரத்திலிருந்து எழுந்து கல்யாண மண்டபத்துக்குப் போய்விடுகிறீர்கள்.

படி 9: மாஸ்டரிங், வரிசை

ஸ்பாட்டிஃபை பாட்டின் சத்தத்தை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவு) அளவுக்குச் சமன் செய்கிறது, ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16. சத்தத்தை அமுக்கி அமுக்கி ஏற்றினால் அவர்கள் இறக்கிவிடப் போகிறார்கள், அமுக்கிய அசிங்கம் மட்டும் மிஞ்சும். நான் மைனஸ் 16 பக்கம் விட்டேன், உச்சம் மைனஸ் 1-ஐத் தாண்டாமல். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர வேண்டாம். ஆல்பமாகக் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை முழு ஆல்பத்தையும் சேர்த்துத்தான் சமன் செய்கிறது, எனவே மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கலாம்.

வரிசையில் ஒரே சுருதிப் பாட்டுகள் மூன்று அடுத்தடுத்து வரக் கூடாது, கேட்பவருக்குக் காரணம் தெரியாமலே தூக்கம் வரும். மொத்தம் முப்பது முப்பத்தைந்து நிமிடம் போதும். எட்டுக்கு ஏழு நன்றாக இருக்கிறது என்றால் ஏழோடு நிறுத்துங்கள்.

படி 10: வெளியீடு

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். பழைய நடிகர் படமோ போஸ்டரோ வேண்டாம், காரணம் படி இரண்டிலேயே இருக்கிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களை அதற்குரிய கட்டத்தில் சரியான எழுத்தில் நிரப்புங்கள். இது மரியாதையும்கூட, ராயல்டி போய்ச் சேரும் வழியும் இதுதான். அசல் பாடகர் பெயரைக் கலைஞர் கட்டத்தில் போட்டால் ஸ்ட்ரீமிங் தளங்கள் திருப்பி அனுப்பிவிடும், தேடலில் வரும் என்ற ஆசையில் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வேண்டிய ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாள எண்ணை விநியோகஸ்தரே தருவார். வெளியீட்டுத் தேதியை நான்கு வாரமாவது தள்ளி வையுங்கள், உரிமைக் கடிதங்களின் நகலை ஒரு ஃபோல்டரில் தயாராக வைத்திருங்கள், கேட்பார்கள்.

அப்லோடு செய்த ராத்திரி ஆல்பத்தைக் கேட்காதீர்கள். நான் கேட்டேன். ஐந்தாம் பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன் நான் சும்மா இருக்கும் இடத்தில், எதிர்க்குரல் வந்திருக்க வேண்டிய அதே இடத்தில், ஒரு பல்லி சொல்கிறது. பத்து மாதம் மிக்ஸ் செய்தபோது கேட்கவே இல்லை. மாற்றி அனுப்ப இரண்டு நாள் அவகாசம் இருந்தது, அனுப்பவில்லை.